ஜப்பான் கடிதத்தில் இல்லாத வரி

எனக்கு எண்பத்துநான்கு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தம்பி விட்டுப்போனது. பெற்ற ஐந்தில் மூன்று ஜப்பானுக்கு முன், இரண்டு ஜப்பானுக்குப் பின். எங்கள் வீட்டில் காலத்தை அப்படித்தான் சொல்லுவோம். நான் ஜப்பானுக்குப் போனதில்லை. போனவர் என் புருஷன்.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதை எழுத ஒரு மாரி முழுக்கப் போயிற்று. எழுத்துப் பிழை இருக்கும். பொய் இருக்காது. நான் ஒருமுறை சொன்ன பொய்யைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதை மட்டும் சரியாக எழுத வேண்டும் என்று மெல்ல மெல்ல எழுதினேன்.

கிளிநொச்சிக்கு அப்பால், குளத்து வாய்க்கால் வந்து முடிகிற இடத்தில் எங்களுக்குக் குடியேற்றக் காணி கிடைத்தது. வயல் மூன்று ஏக்கர், மேட்டுக்காணி இரண்டு ஏக்கர், அதில் அரசாங்கம் கட்டித் தந்த ஒரு சின்ன வீடு. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்தது நாலு பரப்புத் தோட்டமும் அதில் பங்கு கேட்கிற ஆறு பேரும். அதனால் வந்தோம். பற்றைக் காட்டை வெட்டினது அவர் என்றால் வேரைத் தோண்டினது நான். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

காணிக்கு உறுதி கிடையாது, பேர்மிற் என்கிற அனுமதிப் பத்திரம்தான். மடித்த ஒரு கடதாசி. அதில் அவருடைய பெயர் மட்டும் இருந்தது. பேர்மிற்காரர் காணியிலேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். குத்தகைக்குக் கொடுக்கக்கூடாது, விட்டுவிட்டு வேறு ஊரில் போய் இருக்கக்கூடாது. இருந்தால் பேர்மிற்றை வெட்டிக் காணியை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். என்னைக் கட்டிப்போட்டது இந்த ஒரு விதிதான்.

அவர் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர். ஜப்பான் முறையில் நெல் நடுவதைப் படித்து வர விவசாயக் கந்தோர், அரசாங்க அலுவலகம், ஆட்களை அனுப்பினபோது அவரையும் தெரிவு செய்தார்கள். ஆறு மாதம் என்றார்கள். அந்த ஆறு மாதத்துக்கும் காணிக்கு ஒன்றும் ஆகாது என்று கடிதமும் கொடுத்தார்கள். ஆறு மாதம் முடிய, வெளிநாட்டு ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பண்ணையில் அவரை உதவியாளாக வைத்துக்கொண்டார்கள். கந்தோர்க் கடிதத்தின் காலம் முடிந்துபோனது. அவர் இன்னும் ஆறு மாதம் என்று எழுதினார், பிறகு இன்னும் ஒரு வருஷம் என்று எழுதினார். மூன்றாம் வருஷமும் தொடங்கிவிட்டது. அறுபதாம் ஆண்டை ஒட்டின காலம் அது.

கடிதம் மாதம் ஒன்று வரும். நீலக் கடதாசி, ஊதினால் பறக்கும். எங்கள் பகுதித் தபால் பகல் பஸ்ஸில் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்து சேரும். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் சங்கக்கடை மனேச்சர் உடைத்து வாசிப்பார். நல்ல குரல் அவருக்கு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி. ஜப்பான் கடிதம் வந்திருக்கிறது என்றால் வாய்க்காலில் நிற்கிறவர்களும் கை காலைக் கழுவிக்கொண்டு வந்து அரிசி மூட்டைகளில் ஏறி இருப்பார்கள். நான் மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பேன்.

இப்படித்தான் வாசிக்கப்படும் என்று அவருக்கும் தெரியும். அதனால் கடிதத்தில் எனக்கென்று இரண்டு வரிதான் இருக்கும். தொடக்கத்தில் சுகம் கேட்கிற வரி, முடிவில் பிள்ளைகளைக் கவனமாகப் பார்க்கச் சொல்கிற வரி. நடுவில் முழுக்க ஜப்பானும் ஜப்பானைப் பற்றி அவருடைய கருத்தும்.

அங்கே ஒரு கமக்காரனுக்கு எங்கள் மேட்டுக்காணி அளவு வயல் இருந்தாலே பெரிய விஷயமாம். ஆனால் வரம்பைக்கூட வெறுமையாக விடமாட்டானாம், அதிலும் ஏதாவது விதைத்துவிடுவானாம். நாற்றைக் கயிறு பிடித்து வரிசையாக நடுவானாம். ஆனாலும் பெடியள் எல்லாம் தொழிற்சாலைக்கு ஓடுகிறார்கள், வயலில் கிழவிகளின் முதுகுதான் தெரிகிறது, இன்னும் இருபது வருஷத்தில் இந்தச் சனம் சோற்றைத் தின்றுகொண்டே நெல்லை மறந்துபோகும், இது என் கருத்து என்று எழுதினார். இன்னொரு முறை, தோக்கியோவில் மாணவர்கள் அமெரிக்காவோடு ஒப்பந்தம் வேண்டாம் என்று தெருவை அடைத்துக் கைகோத்து ஓடினதைப் பார்த்ததாக எழுதினார். யுத்தத்தைப் பற்றிப் பிள்ளைகள் கத்துகிறார்கள், யுத்தத்துக்குப் போன தகப்பன்மார் வாய் திறக்கிறார்கள் இல்லை, இரண்டும் ஒரே வீட்டில் இருந்து சாப்பிடுவதுதான் தனக்கு விளங்கவில்லை என்று எழுதினார். திருகோணமலையில் ஜப்பான் குண்டு விழுந்தபோது துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் எங்கள் வாய்க்காலில் இருந்தார். அவர் மூட்டையில் இருந்தபடியே, "எங்கட தலையில போட்டுட்டு இப்ப வாய் திறக்கமாட்டினமாமோ. நல்லாயிருக்கு" என்றார்.

ரயிலில் தனக்குப் பக்கத்து இடத்தில் யாரும் இருப்பதில்லை என்று எழுதின கடிதம் எனக்கு நல்ல நினைவு. பெட்டி நிறையச் சனம் நிற்குமாம், அந்த ஒரு இடம் மட்டும் வெறுமையாக வருமாம். மரியாதையா பயமா என்று மூன்று வருஷத்திலும் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லையாம். அதற்கும் மூட்டையில் இருந்து ஒரு ஆள், "கிளிநொச்சி பஸ்ஸில எனக்கு ஒருத்தன் இடம் விடுறானோ பாருங்கோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரர் கைரேகை வைத்து ஒரு சின்னப் புத்தகம் எடுக்க வேண்டும், அதை எந்நேரமும் உடம்போடு வைத்திருக்க வேண்டும், வீடு மாறினால் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். அவருக்கும் ஒரு பேர்மிற் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

நான் சும்மா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அவர் எழுதினபடி கயிறு பிடித்து ஒரு வயல் துண்டில் நட்டேன். வேலிக்கு அளவு போடுகிறாளோ என்று கேட்டார்கள். அறுவடைக்குப் பிறகு அவர்களில் இரண்டு பேர் என்னிடம் கயிறு இரவல் கேட்டு வந்தார்கள்.

பிறகு அந்தக் குளியல் கடிதம் வந்தது. வீட்டில் ஒரு அறை வாடகைக்குக் கேட்டு நாலு இடத்தில் இல்லை என்று சொல்லி, கடைசியில் ஒரு தனிக் கிழவி அறை கொடுத்திருக்கிறா. முதல் நாள் அவா மரத்தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்து, விருந்தாளி என்று இவரை முதலில் குளிக்க விட்டிருக்கிறா. அந்த ஊரில் வெளியில் நின்று உடம்பைக் கழுவிவிட்டு, பிறகு தொட்டிக்குள் இறங்கிச் சும்மா இருக்க வேண்டுமாம். அதே தண்ணீரில்தான் வீட்டில் மற்ற ஆட்களும் இருப்பார்கள். இவர் எங்கள் கிணற்றடிப் பழக்கத்தில் வாளியை எடுத்து, அள்ளி அள்ளித் தலையில் வார்த்து, தொட்டியை அடி தெரிய முடித்துப்போட்டார். கிழவி வந்து வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டு ஒரு சொல் சொல்லாமல் திரும்பவும் விறகு வைத்தாவாம். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், இந்த நாட்டில் ஒருவரும் திட்டமாட்டார்கள், அதுதான் பெரிய கஷ்டம் என்று எழுதியிருந்தார்.

மனேச்சர் இதை ருசித்து வாசித்தார். "அண்ணை உடுப்போடயோ நிண்டவர், இல்லாமலோ? அதை எழுதேல்லையே?" என்று யாரோ கேட்க, கடையே குலுங்கிற்று. நான் அந்த இடத்தில் நின்றேன். நான் மட்டும் அறிய வேண்டிய உடம்பை அரிசி மூட்டையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. சாமானை வாங்காமலே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் மூத்தவளின் வாசிப்புப் புத்தகத்தை எடுத்தேன். எழுத்துகள் பாதி நினைவு இருந்தன. அதைவிட உதவினது பழைய கடிதங்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அவை பாடம். இந்த இடத்தில் வயல் வரும், இந்த இடத்தில் கிழவி வருவா என்று சொல்லை எழுத்தோடு வைத்துப் பார்த்தேன். உலை கொதிக்கிற நேரம், நெல் காய்கிற நேரம் எல்லாம் அதுதான் வேலை. ஒருவருக்கும் சொல்லவில்லை. முப்பது வயதில் அ, ஆ படிக்கிறாள் என்ற கதை எனக்குத் தேவையில்லை.

அதற்கிடையில் யாரோ கந்தோருக்குப் பெட்டிசம் எழுதிப் புகார் போட்டார்கள். பேர்மிற்காரன் வெளிநாட்டில், காணி ஆளில்லாமல் கிடக்கிறது என்று. யார் என்று எனக்குத் தெரியும். வாய்க்காலுக்கு அடுத்த பக்கத்துக்காரர், கலியாண வயதில் மகன் இருந்தான், அவனுக்குக் காணி தேவை. காணி உத்தியோகத்தர் ஜீப்பில் வந்து, நான் எந்த நாள் வந்தாலும் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், பூட்டிக் கிடந்தால் அப்படியே எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதம் என் அம்மா செத்துப்போனா. தந்தி வந்தது. பிள்ளைகளோடு காலை பஸ்ஸில் போய், பிரேதம் எடுத்த கையோடு பின்னேர பஸ்ஸில் திரும்பினேன். எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவுக்கு நிற்கவில்லை. பஸ் ஏறுகிற நேரம் மச்சாள், "போ, போய்க் காணியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிட" என்றாள்.

ஆனி மாதம் விசாரணை. சங்கக்கடை விறாந்தையில் ஒரு கதிரை போட்டு உத்தியோகத்தர் இருந்தார். பெட்டிசக்காரரும் நின்றார், வழக்கமான மூட்டைக்காரரும் நின்றார்கள். உன் புருஷன் எப்போது வருகிறார் என்று உத்தியோகத்தர் கேட்டார். வருவார் என்றேன். எப்போது என்றுதான் கேட்டேன் என்றார். அந்த நேரம் பகல் பஸ் வந்து நின்றது. தபால் பையில் நீலக் கடிதம் இருந்தது.

"நல்லதாப் போச்சு," என்றார் உத்தியோகத்தர். "வாசியுங்கோ மனேச்சர். அவரே என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்."

மனேச்சர் கடிதத்தை உடைத்துவிட்டார். நான் கையை நீட்டினேன். "தாங்கோ அண்ணை. அது எனக்கு வந்தது. நான் வாசிக்கிறன்."

பெட்டிசக்காரர் சிரித்தார். "எப்ப தொடக்கம் வாசிக்கிறனீ?"

"நீங்கள் பெட்டிசம் எழுதப் பழகின நாள் தொடக்கம்" என்றேன்.

வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாக, விரலை வைத்து. மலையைக் குடைந்து புதிதாக ஒரு ரயில் பாதை போடுகிறார்கள், அதில் ஓடப்போகிற ரயில் உலகத்திலேயே விரைவாக ஓடும் என்கிறார்கள், இவ்வளவு அவசரமாக இவர்கள் எங்கே போகப்போகிறார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை, என்று எழுதியிருந்தார். முன்பக்கம் முழுக்க ரயில். வருகிறேன் என்ற சொல் எங்கேயும் இல்லை. பின்பக்கத்தைப் புரட்டினால் அங்கேயும் இருக்காது என்று நினைத்தேன். மூன்று வருஷமாக இல்லாதது இன்றைக்கு எப்படி இருக்கும்? உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்தாமல், அதே மாதிரி விரலை வைத்துக்கொண்டு, "வருகிற ஐப்பசி விதைப்புக்கு முன் ஊருக்கு வந்து சேருவேன்" என்று வாசித்தேன்.

மனேச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். உடைக்கிற நேரத்திலேயே ஒரு கடிதத்தை முழுக்கப் பார்த்துவிடுகிற பழக்கம் அவருக்கு. உத்தியோகத்தர் அவரைப் பார்த்தார்.

"அப்பிடியோ மனேச்சர்?"

மனேச்சர் என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். "ஓம் ஐயா. அப்பிடித்தான் கிடக்கு."

உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். ஐப்பசியில் வருவேன், ஆள் வயலுக்குள் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பேர்மிற்றை வெட்டச் சொல்லி எழுதுவேன் என்றார்.

பின்பக்கத்தை நான் வீட்டில் வைத்து வாசித்தேன். மூன்று மத்தியானம் பிடித்தது. அது கேட்டுப் பாடமான கடிதம் இல்லை, ஒவ்வொரு சொல்லையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பண்ணையில் குடும்பக்காரருக்கு இரண்டு அறை வீடு கொடுக்கிறார்கள், எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள், நீர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாரும் என்று எழுதியிருந்தார். நாலு பேரும் படம் எடுத்து அனுப்பும், மற்ற அலுவலை நான் பார்க்கிறேன். காணி போனால் போகட்டும். இதை எல்லாருக்கும் முன்னால் வாசிப்பார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன், உம்மோடு தனியாகக் கதைக்க எனக்கு வேறு வழி இல்லை.

மூன்று வருஷத்தில் எனக்கென்று வந்த முதல் பக்கம் அது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டுதான் நான் இல்லாத வரியை வாசித்திருந்தேன்.

ஒரு கிழமை யோசித்தேன். இந்த வாய்க்காலை விட்டு, பெட்டிசத்தை விட்டு, ஜீப் சத்தத்துக்குத் திடுக்கிடுவதை விட்டுப் போகலாம். கதவு திறந்திருந்தது, இல்லையென்று எழுதமாட்டேன். ஆனால் ஜப்பானை எனக்குத் தெரியும். மாதம் மாதம் கேட்டிருக்கிறேன். பக்கத்து இடம் வெறுமையாக வருகிற ரயில் எனக்குத் தெரியும். கைரேகைப் புத்தகம் தெரியும். திட்டாமல் விறகு வைக்கிற கிழவி தெரியும். அந்தக் கிழவிக்கு முன்னால் நானும் மூன்று பிள்ளைகளும் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். இங்கே என்னைத் திட்டுகிறவர்களுக்காவது நான் யார் என்று தெரியும். தான் கண்டதைக் கண்டபடி அவர் எழுதினார். அதைக் கேட்டுத்தான் நான் போகாமல் நின்றேன். அம்மாவின் எட்டுக்குக்கூட நிற்காமல் காத்த காணியைப் போனால் போகட்டும் என்று அவர் ஒரு வரியில் எழுதினதும் எனக்குச் சுட்டது.

சங்கக்கடையில் ஒரு நீலக் கடதாசி வாங்கினேன். மத்தியான வெயிலில் கடையில் ஒருவரும் இல்லை. மனேச்சர் விலாசம் எழுதித் தரட்டோ என்று கேட்டார். வேண்டாம், பழைய கடிதத்தைப் பார்த்து எழுதுவேன் என்றேன்.

"தங்கச்சி, மற்றப் பக்கமும் வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"யோசிச்சுத்தான் எழுதப்போறியளோ?"

"ஓம் அண்ணை."

அந்த நாளுக்குப் பிறகு என் கடிதம் எதையும் அவர் உடைத்ததில்லை.

நான் எழுதினது மூன்று வரி. விதைப்புக்கு வாங்கோ. நீங்கள் வருவியள் எண்டு எல்லாருக்கும் முன்னால வாசிச்சுப்போட்டன். வராட்டில் காணி போகும். பின்பக்கத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

மறுமொழி வரவில்லை. ஆவணி போயிற்று. புரட்டாதியில் வானம் கறுத்தது, எல்லாரும் புழுதி உழுதார்கள். நான் ஆள் பிடித்து உழுதேன். ஐப்பசி பிறக்க இரண்டு நாள் இருக்க, பகல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்து, கையில் ஒரு பெட்டியோடு. சங்கக்கடையில் இருந்து ஓடிவந்தவர்களுக்குத் தன்னை மறந்து இடுப்பை வளைத்து வணங்கினார். அவர்கள் சிரித்தார்கள். கடைக்குட்டி என் சேலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ஆரம்மா இவர்?" என்றது.

உத்தியோகத்தர் வந்த நாள் அவர் முழங்கால் சேற்றில் நின்றார். பேர்மிற் தப்பிற்று. அடுத்த நாள் நான் அம்மா வீட்டுக்குப் போய் எட்டு நாள் இருந்தேன். வீட்டைப் பூட்டவில்லை, உள்ளே ஆள் இருந்தது. இப்போது நான் போகலாம் வரலாம். அவர்தான் இருக்க வேண்டும்.

சங்கக்கடைக்காரர் அவரிடம் ஜப்பானைப் பற்றிக் கேட்டார்கள். முதல் மாதம் சொன்னார். பிறகு குறைந்தது. பகல் பஸ் வருகிற நேரம் எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பார். அந்த ரயில் ஓடத் தொடங்கின படம் பேப்பரில் வந்தபோது அதை வெட்டி அலுமாரிக்குள் வைத்தார். ஒரு கருத்தும் சொல்லவில்லை.

நாலாவது பிள்ளை பிறந்த வருஷம், வரம்பில் சாப்பாடு வைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"என்ர கடைசிக் கடிதம், உண்மையா நீரோ வாசிச்சது?"

"நான்தான்."

"முழுக்க வாசிச்சனீரோ?"

"ரயில் வரைக்கும் வாசிச்சனான். பிறகு எழுத்து விளங்கேல்லை."

அவர் மெல்லத் தலையைத் தாழ்த்தி நிமிர்த்தினார், அந்த ஊர்க்காரர் செய்கிற மாதிரி. அதற்குப் பிறகு அந்தக் கதை வரவில்லை. தான் கூப்பிட்டது எனக்குத் தெரியாது என்று நம்பினாரோ, நம்பாமல் விட்டாரோ. என்னைக் கோபிக்க அவருக்கு இடம் இல்லாமல், மன்னிப்புக் கேட்க எனக்கு இடம் இல்லாமல், முப்பத்துச் சொச்சம் வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நல்லாகத்தான் இருந்தோம். அவர் போய் இருபது வருஷம் ஆகிறது.

பேர்மிற்றும் அந்தக் கடிதமும் ஒரே பையில்தான் சண்டைக் காலத்து எல்லா இடப்பெயர்வுக்கும் என்னோடு வந்தன. காணிக்குத் திரும்பி வந்தாயிற்று. கடிதத்தை இன்னும் ஒருவருக்கும் காட்டவில்லை. இன்றைக்குத்தான் அதை வெளியில் எடுத்து இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

இஞ்ச வா பிள்ளை. நீ என்ர பேத்தி, நீதான் வாசிக்க வேணும். முதல்ல இருந்து, சத்தமா வாசி. இல்லாததை ஒண்டும் சேர்க்காத. கொப்பி முடிய அந்த நீலக் கடதாசியையும் எடு. அதுக்குப் பின்பக்கம் இருக்கு, அதையும் வாசி.